பித்தப்பைக் கல்லும் பிடியரிசியும்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவளிடம் நம் ஜனங்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு பெரிய கல்?" என்பதுதான். அதனால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுண்டைக்காய் அளவில் ஒன்று, அதற்குப் பரிவாரமாகப் பொடிக் கற்கள் கொஞ்சம். சின்ன மருந்துப் புட்டியில் போட்டு என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் அந்தப் புட்டியை ஆட்டிப் பார்த்து, "ஐயோ" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கல்லுக்காக மட்டும் இல்லை. என் தம்பி தாசுக்காக. நான் படுக்கையில் கிடந்த நாட்களில் அவன் என்ன ஆவான் என்ற பயம் வயிற்று வலியைவிடப் பெரிதாக இருந்தது. தாசு மாதிரி ஒருவர் இருக்கிற வீடுகள் எங்கள் சபையிலேயே இன்னும் உண்டு. அந்த வீட்டுக்காரர்களுக்கு இது உதவும் என்று தோன்றியது.

என் பெயர் எஸ்தர். சித்தூரில் மிஷன் காம்பவுண்டுக்குள் இருக்கும் துவக்கப் பள்ளியில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாசுதான் அதற்குக் காரணம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். வந்த மாப்பிள்ளைகளைப் பார்த்திருந்தால் நீங்களும் செய்துகொண்டிருக்க மாட்டீர்கள்.

தேவதாஸ் என்பது அவன் ஞானஸ்நானப் பெயர். முப்பது வயதைத் தாண்டிவிட்டான். கைக்குழந்தையாக இருந்தபோதே, "இவனுக்கு மூளை வளர்ச்சி போதாது, பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்" என்று டாக்டர் எங்கள் நைனாவிடம் சொன்னாராம். நைனா எதையும் எதிர்பார்க்காமல் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். எழுத்து ஏறவில்லை, கணக்கும் ஏறவில்லை. வார்த்தைகள் வாயில் குழையும், பழகினவர்களுக்குத்தான் புரியும். நைனாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான்.

அவனுக்கு ஒரு வேலை உண்டு. எங்கள் சபையில் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் திரும்ப எடுத்துக் கடவுளுக்கென்று தனியாகப் போட்டுவைப்பார்கள். பிடியரிசி என்று பெயர். வாரம் முழுக்கச் சேர்ந்ததைச் சனிக்கிழமை வீடு வீடாகப் போய் வாங்கிக் கோயிலில் சேர்க்க வேண்டும். அது தாசுவின் வேலை. மூடி போட்ட பெரிய தகர டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஸ்தோத்திரம்! அரிசி!" என்று குரல் கொடுப்பான். வீடுகளின் வரிசை மாறக்கூடாது, ஒரு வீடும் விடுபடக்கூடாது. கடைசி வீடு எங்களுடையது. என் பிடியும் விழுந்த பிறகு மூடியை டங்கென்று போட்டு, "மூடியாச்சு" என்பான். அதற்கப்புறம் ராஜாவே வந்தாலும் ஒரு மணி அரிசி உள்ளே போகாது. போதகரின் மனைவி ஒரு தடவை தாமதமாக முறத்தோடு ஓடி வந்தார்கள். "அடுத்த சனிக்கெழம" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான்.

வலி ஆரம்பித்தது எங்கள் கோயிலில் நடந்த அறுப்பின் பண்டிகை விருந்தன்று. மட்டன் குழம்பு நன்றாக இருந்தது, நானும் கை கழுவும் நேரத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் வலது விலாவுக்குக் கீழே பிடித்த வலி, முதுகைச் சுற்றிக்கொண்டு தோள்பட்டையில் போய் உட்கார்ந்தது. வாயு என்று நானே தீர்மானித்து ஓமத் தண்ணீர் குடித்தேன், பெருங்காயம் போட்ட மோர் குடித்தேன், கோலி சோடாவும் குடித்தேன். வலி போனது. பிறகு வந்தது. மறுபடியும் போனது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு.

ஒருநாள் காலையில் தாசு என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்த்தான்.

"அக்கா, கண்ணு மஞ்சா."

கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள்தான்.

சித்தூர் டாக்டர் நகத்தைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், நான் போட்ட கூச்சலைக் கேட்டார். பித்தப்பையில் கல் என்றார். ஈரல் பித்தநீரைச் சுரக்கிறது, அதைச் சேர்த்துவைக்க ஒரு சின்னப் பை இருக்கிறது, எண்ணெய்ப் பண்டம் உள்ளே வந்தால் அந்தப் பை சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்கு அனுப்புகிறது. பைக்குள் உருவான கல் ஒன்று நகர்ந்து குழாயை அடைத்துவிட்டால் பித்தம் போக வழியில்லாமல் ரத்தத்தில் கலந்துவிடும். சாக்கடையில் சோற்றுப் பருக்கை அடைத்தால் தண்ணீர் முற்றத்துக்கு ஏறுகிறதே, அதுபோலத்தான். கண் மஞ்சளானதும் அதனால்தான். "இங்கே முடியாது, திருப்பதி பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும், அப்புறம் உயிருக்கு ஆபத்து" என்றார். வேலூர் பக்கத்திலேயே இருக்க ஏன் திருப்பதி என்று கேட்டவர்களுக்கு என் பதில், டீச்சர் சம்பளம் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கத்திக்குக் காசில்லை. வெளியே வாங்கும் மருந்துக்கு மட்டும்தான் செலவு.

அன்று சாயங்காலம் போதகர் ஐயா வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். ஜெபம் பண்ணினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டீச்சர், மெட்ராஸ்ல ஒரு விடுதி இருக்குது. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே நடத்துறாங்க. நான் எழுதிப் போட்டா எடுத்துக்குவாங்க."

"பிள்ளையா? அவனுக்குக் காதோரம் நரைக்குதுங்க ஐயா."

"நீங்க திரும்பி வர்ற வரைக்கும்தான்."

"நான் திரும்பி வரலன்னா?"

எனக்கு அவர்மேல் கோபமில்லை. நான் செத்துப்போனால் தாசு எங்கே தூங்குவான் என்ற கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது. அந்த விடுதியை நான் பார்த்ததில்லை. உயரமான கேட்டும், உள்ளே வரிசையாக ஒரே மாதிரிக் கட்டில்களும், தாசு எந்த வாசலில் நின்று "ஸ்தோத்திரம்" சொல்வதென்று தெரியாமல் நிற்பதும்தான் என் மனக்கண்ணில் வந்தது.

அடுத்த வீட்டு கிரேஸ்தான் வாய் திறந்தாள். "எதுக்கு ஐயா மெட்ராஸு? எங்க ஊட்ல வெச்சிக்கிறேன். எங்க புள்ளைங்க ரெண்டோட அவரும் ஒரு ஆளு." அவள் புருஷன் பால்ராஜ் பஸ் கண்டக்டர், சித்தூர் – திருப்பதி தடத்திலேயே ஓடுகிறவர். "சேதி தெனம் வந்துக்கினு இருக்கும், நீ பயப்படாத போயி வாக்கா" என்று அவரும் சொன்னார். தாசு எப்போது எழுவான், எதற்குப் பயப்படுவான், எந்தச் சட்டையைப் போட மாட்டான் என்று கிரேஸுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பாடம் எடுத்தேன். பாவம், அவளும் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிக் கூடத்தில் மலைக்குப் போய் மொட்டை போட்டு வந்தவர்கள் பாதிப் பேர், நோயாளிகள் பாதிப் பேர். மொட்டை போட்ட நோயாளிகளும் உண்டு. பெஞ்சில் ஒரு ஆள் எழுந்தால் வரிசையே ஒரு ஆள் இடம் நகரும். அப்படி நகர்ந்து நகர்ந்துதான் டாக்டரிடம் போய்ச் சேர வேண்டும். முதலில் ரத்தம், சிறுநீர். பிறகு வார்டில் சேர்த்துக் காமாலை இறங்கும் வரை குளுக்கோஸ். மஞ்சள் கொஞ்சம் தெளிந்ததும் ஒரு வினோதமான எக்ஸ்ரே. எண்ணெய் இல்லாத சாப்பாடு போட்டு, மாத்திரைகளை விழுங்கச் சொல்லி, மறுநாள் படம் எடுத்தார்கள். அந்த மருந்து பித்தப்பையில் போய்ச் சேர்ந்தால் பை வெள்ளையாகத் தெரியுமாம், கற்கள் மட்டும் கறுப்பு ஓட்டைகளாகத் தெரியுமாம். என் படத்தில் பை சரியாகத் தெரியவே இல்லை. "நல்லதா?" என்று கேட்டேன். "இல்லை, கல் நிறைந்து பை வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்" என்றார் சர்ஜன். ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்.

பக்கத்துக் கட்டிலில் கார்வேட்டிநகரத்திலிருந்து வந்த முனியம்மா இருந்தாள். வயிற்றுக் கட்டிக்காக வந்தவள். அவள் மருமகள் வெளியே மரத்தடியில் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சுவாள். எனக்குத் துணைக்கு ஆளில்லை என்று தெரிந்ததும் முதல் நாளிலிருந்தே இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். கேட்டுச் செய்ததில்லை, சொல்லிச் செய்ததுமில்லை. நான் கஞ்சிக்கு முன் கண்ணை மூடி ஜெபிக்கும்போது முனியம்மாவும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். முடித்ததும், "உங்க சாமி உத்தரவு குடுத்துட்டாரா? துன்னலாமா?" என்பாள்.

இதற்கு நடுவில்தான் பால்ராஜ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, பயப்படாத. தாசுக்கு வாந்தி பேதி. இப்ப பரவால்ல."

"இன்னா துன்னான்?"

"இன்னா துன்னலன்னு கேளு."

நடந்தது இதுதான். டீச்சர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பாவம் தாசு என்று காம்பவுண்டு முழுக்க இரக்கம் பொங்கிவிட்டது. சனிக்கிழமை அரிசிக்குப் போனவனை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்துச் சோறு போட்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் ரசம், ஒரு வீட்டில் கருவாடு, ஒரு வீட்டில் கேசரி. அன்போடு போடும் சோற்றை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று அம்மா அவனுக்குச் சின்ன வயதில் கற்றுக்கொடுத்திருந்தாள். அவன் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாருமே அவனைக் கவனித்தார்கள். அதனால் வந்த வினைதான் இது.

அதோடு போகவில்லை. கிரேஸ் வீட்டில் படுக்க மறுத்து, பூட்டியிருந்த எங்கள் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டானாம். இழுத்தால் கத்துகிறானாம். "போதகர் ஐயா மெட்ராஸுக்கு எழுதட்டான்னு கேக்கச் சொன்னாரு" என்று முடித்தார் பால்ராஜ்.

நான் கட்டிலிலிருந்து இறங்கிப் பையை எடுத்தேன். சர்ஜன் வந்து கையெழுத்துக் கேட்டபோது, "ஆபரேஷன் வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன்" என்றேன். அவர் சத்தம் போட்டார். நானும் சத்தம் போட்டேன். வகுப்பறையில் பழகின தொண்டை, என்னுடையதுதான் பெரிதாகக் கேட்டது. அவர் நர்ஸிடம், "சுசீலாவைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுசீலா அந்த ஆஸ்பத்திரியின் சோஷியல் ஒர்க்கர். நோயாளிகளின் குடும்பக் கஷ்டங்களைப் பார்ப்பதற்கென்று வைத்திருந்தார்கள். சின்ன வயதுப் பெண், கஞ்சி போட்ட நூல் சேலை. நாங்கள் தெலுங்கில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"தம்பியால் என்னவெல்லாம் முடியாது என்று சொல்லத் தொடங்காதீர்கள்" என்றாள் எடுத்த எடுப்பில். "அவர் காலையில் எழுந்ததும் என்ன செய்வார்? யாரைப் பார்த்தால் சிரிப்பார்? எங்கே போனால் நேரம் போவது தெரியாமல் இருப்பார்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் சொன்னேன். பிடியரிசியைச் சொன்னேன். மூடியைச் சொன்னேன். அவள் இடையில் பேசாமல் கேட்டாள்.

"டீச்சரம்மா, நீங்கள் ஒரு ஏற்பாடு செய்தீர்கள், போதகர் ஒரு ஏற்பாடு சொல்கிறார். தேவதாஸ்காருவை யாராவது கேட்டீர்களா?"

தெலுங்கில் மரியாதைப்பட்டவர்கள் பெயருக்குப் பின்னால்தான் 'காரு' சேர்ப்பார்கள். என் தம்பி பெயரோடு அந்தச் சொல்லை அதுவரை நான் கேட்டதே இல்லை. பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டேன்.

அவனைக் கூட்டிவரச் சொன்னாள். "சனிக்கிழமை மட்டும் வேண்டாம், அவருக்கு வேலை இருக்கிறது" என்றும் சொன்னாள். பால்ராஜ் தன் பஸ்ஸிலேயே கூட்டி வந்தார். கூடவே போதகர் ஐயாவும் வந்தார். வாந்தி பேதியில் இளைத்திருந்தான் தாசு. வந்ததும் என் கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, "மஞ்சா போச்சு" என்றான். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

சுசீலா ஒரு ஸ்டூலை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய தமிழ் அரைகுறைதான்.

"தேவதாஸ்காரு, ராத்திரி எங்க படுக்கணும்?"

"அவனுக்கு இருட்டுன்னா பயம், அதனால..." என்று ஆரம்பித்தேன்.

"டீச்சரம்மா, ஆஸ்பத்திரியில ரெஸ்ட் எடுக்கணும். வாய்க்கும் சேர்த்துத்தான்."

முனியம்மா பக்கத்துக் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டி வலிக்கும் என்றுகூடப் பார்க்கவில்லை.

தாசு கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவசரப்படுத்தாமல் சுசீலா காத்திருந்தாள். "எங்க ஊட்ல" என்றான் பிறகு.

"தனியாவா?"

"இல்ல. பால்ராஜ் மாமா. மாமாவுக்கு ராத்திரி பஸ்ஸுன்னா..." எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "ஐயா."

போதகர் ஐயா திடுக்கிட்டார். "நானா?"

"ஐயா பாட்டு பாடுவாரு" என்றான் தாசு.

கேள்விகள் தொடர்ந்தன, பதில்கள் வந்தன. காலையில் கிரேஸ் வீட்டுக் காப்பி. பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து மணியை அவன் அடிக்க வேண்டும், மத்தியானம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மக்காச்சோள உப்புமா. இது எனக்கே புதுச் செய்தி. நான் தினமும் அவனுக்கு வீட்டில் சோறு கட்டிவைத்துவிட்டுப் போகிறவள். "பள்ளிக்கூடத்து உப்புமா அவ்ளோ புடிக்குமாடா?" என்று கேட்டேன். தயங்காமல், "அக்கா சோறு ஆறிப்போவும்" என்றான். இத்தனை வருஷமாக அவன் அதைச் சொல்ல யாரும் இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சுசீலா அடுத்த வீட்டுச் சாப்பாட்டு விஷயத்துக்கு வந்தாள். "வயிறு நிறைஞ்சப்புறம் ஒரு வீட்ல சோறு போட்டா?"

அவன் முகம் வாடியது. வேண்டாம் என்று சொல்வது அவனால் முடியாத காரியம்.

"சரி. டின் மூடினப்புறம் யாராவது அரிசி கொண்டுவந்தா?"

"மூடியாச்சு!" என்றான் கண்டிப்பாக.

சுசீலா தன் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். தாசு அவள் கையைப் பார்த்தான், தன் வயிற்றைப் பார்த்தான். பிறகு தன் கையை எடுத்து வயிற்றின்மேல் பொத்தென்று வைத்தான்.

"மூடியாச்சு" என்றான். அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. வார்டு முழுக்கச் சுற்றிவந்து ஒவ்வொரு கட்டிலருகிலும் தன் வயிற்றில் கை வைத்துச் சொல்லிக் காட்டினான்.

நான் சர்ஜனைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டியிருந்தது, பால்ராஜ் கொடுத்தார். அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அக்கா ஒடம்புல கண்டக்டர் ரத்தம் ஓடுது, டிக்கெட் இல்லாம யாரும் கிட்ட வராதீங்க" என்பார். தியேட்டருக்குள் போகும்போது பயமாகத்தான் இருந்தது. முகத்தில் ரப்பர் மூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லித்தந்தவள், எதுவரை எண்ணினேன் என்று எனக்கே தெரியாது.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், வயிற்றிலிருந்து ஒரு குழாய். வயிற்றுக் குழாய் ஆங்கில டி எழுத்துப்போல இருக்குமாம். அதன் குறுக்குக் கை பித்தம் போகிற நாளத்துக்குள் இருக்கும், நீளக் கை வெளியே வந்து புட்டியில் பித்தத்தை வடிக்கும். உள்ளே தையல் ஆறும் வரை அது ஒரு மாற்றுப் பாதை. மூன்று வேளையும் டாக்டர்கள் வந்து, "காற்று பிரிந்ததா?" என்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் வேறு எதைப் பற்றியும் படித்த ஆண்கள் இத்தனை ஆவலாக என்னிடம் விசாரித்ததில்லை. அது பிரிந்தால்தான் குடல் விழித்துக்கொண்டது என்று அர்த்தமாம். பிரிந்த அன்று முனியம்மா வார்டுக்கே அறிவித்துவிட்டாள்.

நடுவில் காய்ச்சல் கண்டது. நடுங்கிக்கொண்டு படுத்திருந்தேன். ஊசி மாற்றினார்கள், வெளியே வாங்க வேண்டிய மருந்தின் செலவைப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தால் வைவேன் என்று சொல்லாமலே செய்தார்கள். முனியம்மாவின் மருமகள் ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். அவள் பெயரைக்கூட அதுவரை நான் கேட்டிருக்கவில்லை. கன்னியம்மா என்று பெயர். என் ஜெபத்தில் இப்போதும் அவள் பெயர் உண்டு.

காய்ச்சல் விட்டதும் கிரேஸ் பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே ஊர்ச் சேதி சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சி ஐயா அறிவிப்பு படிச்சாருக்கா. அப்பறம், 'தாசு ஒண்ணு சொல்லணும்னு இருக்கார்'னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. தாசு போயி முன்னாடி நின்னுக்கினு, 'காத்தால கிரேஸக்கா. மத்தியானம் ஸ்கூலு. ராத்திரி நம்ம ஊடு. வேற ஊட்ல சோறு போட்டா மூடியாச்சு'ன்னு வயித்துல ஒரு போடு போட்டாரு பாரு! கோயிலே சிரிச்சிது. ஆனா அதுக்கப்பறம் ஒருத்தரும் சோத்தத் தூக்கிக்கினு வரல."

"ராத்திரியில?"

"ஐயாவும் எங்க ஊட்டுக்காரரும் மாத்தி மாத்திப் படுக்கறாங்க. ஐயா கொறட்ட உடறாருன்னு தாசு என்கிட்ட புகார் சொல்றாரு." பழத்தை என் கையில் வைத்தாள். "ஒண்ணே ஒண்ணுதான். டின்ன மூட மாட்டேங்கறாரு. சனிக்கெழம எல்லா ஊடும் முடிச்சிட்டு உங்க பூட்டின கதவாண்ட நின்னு கூப்புடறாரு. செத்த நேரம் பாக்கறாரு. அப்பறம் மூடியக் கையில புடிச்சிக்கினே கோயிலுக்குப் போயிடறாரு. எலி துன்னாம ஐயாதான் ஒரு துணியப் போத்தி வைக்கிறாரு."

தாசுவின் பிடிவாதம் எனக்குத் தெரிந்ததுதான் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் வயிற்றுக் குழாய் வழியாக மருந்து செலுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள். மருந்து தடையில்லாமல் குடலுக்குள் இறங்கியது, உள்ளே கல் எதுவும் மிச்சமில்லை. குழாயை உருவின சர்ஜன், "இனிமேல் சத்தம் போடலாம்" என்றார். அவருக்கு நான் நன்றி சொன்னேன். முனியம்மாவுக்கும் கட்டி எடுத்தாகிவிட்டது, அவள் எனக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தாள்.

சுசீலாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் வீட்டுக்குப் போனதும் பழையபடி எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளாதீர்கள். காப்பி கிரேஸ் வீட்டிலேயே இருக்கட்டும், மத்தியானம் ஸ்கூலிலேயே இருக்கட்டும். உங்களுக்கு இன்னொரு நாள் காய்ச்சல் வரும், இன்னொரு நாள் வயசாகும்" என்றாள். அந்த 'வயசாகும்' என்பதற்குள் அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். மெட்ராஸ் விடுதியின் அந்த உயரமான கேட் என் மனதை விட்டுப் போனது அப்போதுதான். எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்துகொண்டிருக்கும் அந்தப் பெண்ணுக்கு நான் ஞாபகம் இருப்பேனோ என்னவோ. எங்கள் வீட்டில் அவள் பெயரைத் தாசு 'காரு' சேர்த்துத்தான் சொல்கிறான்.

ஊர் வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, எண்ணெய்ப் பண்டம் ஆகாது. அன்றைக்கும் மறுநாளுக்கும் கிரேஸ் வீட்டிலிருந்தே கஞ்சி வந்தது. எங்கள் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்தது.

சனிக்கிழமை காலையில் நாற்காலியைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தேன். தூரத்து வீடுகளில் தொடங்கி அவன் குரல் ஒவ்வொரு வாசலாக நெருங்கி வந்தது. கடைசியில் எங்கள் வாசலில் வந்து நின்றான். டின்னை இறக்கி வைத்தான். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, மற்ற வீடுகளில் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டான்.

"ஸ்தோத்திரம்! அரிசி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வாரமாக இந்த வீட்டில் உலை வைக்கவில்லை. பிடியரிசிப் பானை காலி. இரண்டு தலைமுறையாக எங்கள் வீட்டில் அந்தப் பானை காலியாக இருந்ததில்லை.

"தாசு, அக்காகிட்ட அரிசி இல்லடா. சமைக்கவே இல்லியே. அடுத்த சனிக்கெழம தரேன்."

அவன் நகரவில்லை. மூடி ஒரு கையில் இருந்தது. டின்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து டின்னுக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசி எடுத்தான். என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் அந்த அரிசியைக் கொட்டினான். ஒரு மணிகூடச் சிந்தாமல் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

நான் குனியக்கூடாது என்று அவனுக்கு யார் சொன்னார்களோ, டின்னைத் தூக்கி என் மடி உயரத்துக்குப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

நான் போட்டேன். அரிசி அரிசியோடு விழுந்தது. தாசு டின்னை இறக்கி வைத்து மூடியைப் போட்டான். அது டங்கென்று விழுந்த சத்தத்தில் அடுத்த வீட்டு கிரேஸ் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"மூடியாச்சு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, டின்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனான்.